வாறன் என்று சொல்லிவிட்டுப் போன றோசலின்

றோசலினுக்கு வாயை மூடிக்கொண்டு இருக்கத் தெரியாது. மட்டக்களப்பில் படித்த காலத்திலேயே கன்னியாஸ்திரிகள் அவளை முன்வாங்கில் தனியாக இருத்தி வைத்துப் பார்த்தார்கள். அவள் கரும்பலகையோடு கதைத்தாள். மொன்றியலுக்கு வந்து, ஒன்றுவிட்ட அக்கா கௌசலாவோடு கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்துகொண்டு பிரெஞ்சு வகுப்புக்குப் போனபோதும் அதே கூத்துத்தான். இலக்கணம் பிழைத்துவிடுமோ என்று மற்றவர்கள் முழுசிக்கொண்டிருக்க, இவள் பிழை பிழையாக அள்ளி வீசினாள். அதனாலேயே பிரெஞ்சு அவளுக்குச் சுறுக்காக வந்துவிட்டது.

அந்தப் பிரெஞ்சுதான் டவுன்டவுனில் ஒரு பெரிய ஹோட்டலில் அறை துப்புரவாக்கும் வேலையை வாங்கிக் கொடுத்தது. வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. தொண்ணூற்று நான்காம் ஆண்டு மே மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமையோடு சோதனைத் தவணை முடிகிறது. வைத்திருப்பதா, அனுப்பிவிடுவதா என்று மேற்பார்வைக்காரி மடம் ஜினெத் அன்று பின்னேரம் சொல்லுவாள். வேலை நிலைத்தால் ஊரில் தனியே கிடக்கிற அம்மாவைக் கூப்பிடலாம். இல்லாவிட்டால் அந்தக் கதையே இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை பார்த்துத்தானா ஒரு இளவரசி வந்திறங்க வேண்டும்!

ஐரோப்பாவில் எங்கேயோ ஒரு சின்ன இராச்சியம். பன்னிரண்டு வயதுப் பிள்ளை, நாளைக்கு அந்த நாட்டுக்கு ராணி. தகப்பன் பக்கத்தில் இல்லாமல் தனியாகச் செய்கிற முதல் அரச கடமை: பிள்ளைகளுக்கான ஆஸ்பத்திரியில் ஒரு புதுக் கட்டடத்தைத் திறந்துவைப்பது. ஹோட்டல் அல்லோலகல்லோலப்பட்டது. கதவுப்பிடிகளெல்லாம் முகம் தெரிகிற மாதிரி மினுங்கின.

"பிள்ளையோடு ஒருவரும் கதைக்கக் கூடாது. பொன்ஜூர் சொல்லு, வேலையைச் செய், வெளியே வா. கதைத்தால் வேலை போச்சு" என்றாள் மடம் ஜினெத். எல்லாருக்கும் சொன்னாள், பார்த்தது என்னவோ றோசலினை மட்டும்தான்.

ஹோட்டலுக்கு வருகிறவர்களின் பெட்டி தூக்கும் யாழ்ப்பாணத்து அருமைநாதனுக்கும் அதே கவலை. "தங்கச்சி, இண்டைக்கு ஒருநாள் வாயைப் பூட்டி வையும். கேட்டீரோ?"

"ஓம் அண்ண. இண்டைக்கு நான் ஊமை."

ஊமை துவாய்களைச் சுமந்துகொண்டு மேலே போனாள். கூட வந்த சீமாட்டி பக்கத்து அறையில் தொலைபேசியில் இருந்தாள். இளவரசி கண்ணாடிக்கு முன்னால் நின்று கையசைத்துப் பழகிக்கொண்டிருந்தாள். கோட்டின் நடுப் பட்டன் ஒற்றை நூலில் ஊஞ்சலாடியது.

"உங்களுக்குத் தைக்கத் தெரியுமா?" என்று பிரெஞ்சில் கேட்டாள் பிள்ளை.

கேட்டால் பதில் சொல்லாமல் போகலாமா? அது மரியாதையா? றோசலின் ஏப்ரனில் இருந்து ஊசியை எடுத்தாள். வாயும் திறந்துகொண்டது.

"கையை ஆட்டக்குள்ள தோளையும் சேத்து ஆட்டுங்க மகள். இதென்ன, மரக்கை மாதிரி?"

"தோள் அசையக் கூடாது. கொட்டாவியை மூக்கால் விட வேண்டும். நெடுநேரம் நிற்கும்போது மயக்கம் வராமலிருக்கச் சப்பாத்துக்குள் கால்விரலை ஆட்ட வேண்டும். ஐந்து வயதிலிருந்தே பழக்குகிறார்கள்."

"அட மாதாவே! அப்ப விளையாடுறது எப்ப?"

"செவ்வாய்க்கிழமை" என்றாள் இளவரசி.

றோசலினுக்குச் சிரிப்புப் பீறிட்டது. பிள்ளைக்கும் தொற்றிக்கொள்ள, இரண்டு பேரும் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

"எல்லாவற்றிலும் பெரிய விதி அப்பா சொல்லித் தந்தது" என்றாள் பிள்ளை. "ஒருவர் வருகிறேன் என்று சொன்னால், அவர் வரும்வரை நாங்கள் இடத்தை விட்டுப் போகக் கூடாது. சனங்கள் எங்களுக்காக எவ்வளவு நேரம் காத்து நிற்கிறார்கள்!"

பக்கத்து அறையில் தொலைபேசியை வைக்கும் சத்தம். றோசலின் நூலைப் பல்லால் கடித்து அறுத்துவிட்டு, வாசலில் நின்று அவசரமாகச் சொன்னாள்: "ஜெ வியான்!"

எங்கள் ஆட்கள் ஒரு இடத்தை விட்டு வெளிக்கிடும்போது "போறன்" என்றா சொல்வார்கள்? வாய் கூசும். "வாறன்" என்றுதான் சொல்வார்கள். அதை அப்படியே தூக்கிப் பிரெஞ்சில் போட்டுவிட்டு அவள் பாட்டுக்குக் கீழே இறங்கிவிட்டாள்.

துவாய் மடித்துக்கொண்டிருந்தபோது அருமைநாதன் மூச்சிரைக்க ஓடி வந்தார்.

"என்னத்தைச் சொல்லிப்போட்டு வந்தனீர், தங்கச்சி? காரெல்லாம் வாசலிலை நிக்குது! பட்டன் தைச்சவா வாறன் எண்டு சொன்னவாவாம். அவா வராமல் தான் அசையமாட்டனெண்டு அந்தப் பிள்ளை நிக்குது!"

"ஐயோ, என்ட மாதாவே!" துவாயைப் போட்டுவிட்டு ஓடினாள். வேலை போனது போனதுதான். அதற்காக ஒரு பிள்ளையைக் காக்க வைப்பதா?

வாசல் மண்டபத்தில் பொலிஸ், ஆஸ்பத்திரிப் பெரியவர்கள், மிளகாய்ப்பழமாய்ச் சிவந்த முகத்தோடு மடம் ஜினெத். நடுவில் கோட்டுப் பட்டன்களைப் பூட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றாள் இளவரசி. சப்பாத்துக்குள் விரல்கள் ஆடிக்கொண்டிருந்தன என்பது றோசலினுக்கு மட்டும் தெரியும்.

"வந்துவிட்டீர்களே!" பிள்ளையின் முகம் மலர்ந்தது.

"மன்னிச்சுக்கங்க மகள். எங்கட பாசையில வெளிக்கிடுறவங்க வாறன் எண்டுதான் சொல்லுவாங்க. திரும்பி வரணும் எண்ட ஆசையில சொல்றது."

"அப்படியானால் நீங்கள் போகிறேன் என்று சொல்லவே மாட்டீர்களா?"

"மாட்டம்."

பிள்ளை அதை மனதுக்குள் போட்டுப் புரட்டிப் பார்த்தாள். பிறகு றோசலினின் ஏப்ரனில் குத்தியிருந்த பெயரட்டையை வாசித்துவிட்டுக் கை கொடுத்தாள். கண்ணாடிக் கதவடியில் நின்று திரும்பினாள். "ஜெ வியான், மடம் றோசலின்!" என்று கத்தி, தோளும் சேர்ந்து குலுங்கக் குலுங்கக் கையை ஆட்டினாள். மண்டபமே கைதட்டியது. றோசலினுக்குச் சந்தோசத்தில் தலைகால் புரியவில்லை.

பின்னேரம் மடம் ஜினெத்தின் அறைக்குள் போனபோது அந்தச் சந்தோசமெல்லாம் எங்கே ஓடியதோ.

"கதைக்கக் கூடாது என்று சொன்னேனா, இல்லையா?"

"சொன்னீங்க, மடம்."

மடம் சோதனைத் தவணைத் தாளை இழுத்து எழுதத் தொடங்கினாள். றோசலினுக்கு அம்மாவின் முகம் கண்ணுக்குள் வந்தது. பிறந்த நாளிலிருந்து முதல்முறையாக அவளுக்குப் பேச்சு வரவில்லை. ஏப்ரனைக் கழற்றி மடித்து மேசையில் வைத்தாள். வாறன் என்று சொல்ல இனி என்ன உரிமை? வகுப்பில் படித்தபடி சுத்தமான பிரெஞ்சில், "ஜெ மான் வே" என்றாள். போகிறேன் என்று அர்த்தம்.

மடம் நிமிர்ந்தாள். "அது என்ன பிரெஞ்சு?"

"சரியான பிரெஞ்சு, மடம்."

"இல்லை, பிழை. காலையில் இளவரசிக்குச் சொன்னாயே, அதைச் சொல்லு. அந்த ஏப்ரனையும் எடு. திங்கட்கிழமை உடுக்க வேண்டாமா?"

"ஜெ வியான்!" என்று அவள் போட்ட சத்தத்தில், வாசலில் நின்ற அருமைநாதன் கையிலிருந்த பெட்டியைக் காலில் போட்டுக்கொண்டார்.