தலைவருக்கு எதிராக நிற்கப்போவது யார்?

சாங்வி என்னும் மராத்திய ஊரில் என் தோசை வண்டியைச் சுற்றிப் போன வாரம் முழுக்க ஒரே பேச்சு. எங்கள் தமிழ் மன்றத் தலைவர் தங்கராஜ் மாமாவை எதிர்த்து அவருடைய அணிக்குள்ளிருந்தே ஒருவர் நிற்கப்போகிறாராம். யார்? அவருக்கே வலது கையான செயலாளர் சேகர் அண்ணன்!

"புதுசா வெள்ளைச் சட்டை தச்சிருக்கான்ப்பா. கண்டிப்பா நிக்கிறான்."

"அட, அது அவன் மச்சினி கல்யாணத்துக்குய்யா!"

எங்கள் மன்றத்தில் தேர்தலே நடந்ததில்லை. வருஷா வருஷம் என் அப்பா எழுந்து தங்கராஜ் மாமா பேரைச் சொல்வார். எல்லோரும் கைதட்டுவோம். உப்புமா வரும். அவ்வளவுதான்.

இந்த வருஷம் அப்பா இல்லை. போய் மூன்று மாதம்தான் ஆகிறது.

மாமா வண்டிக்கு வந்தார். "உங்கப்பா இடத்துல நீதான்டா எந்திரிச்சு சொல்லணும்."

மறுநாள் சேகர் அண்ணன். "யாராச்சும் என் பேரைச் சொன்னா நிப்பேன்டா தம்பி. நானே எப்படிச் சொல்லிக்கிறது, அசிங்கமா..."

நான் என்ன செய்வேன்? ஆஸ்பத்திரியில் அப்பாவுக்காகக் கையெழுத்துப் போட்டது மாமா. அப்பாவைச் சுமந்தபோது என் பக்கத்தில் தோள் கொடுத்தது அண்ணன். ஒருத்தர் பேரைச் சொன்னால் இன்னொருத்தர் போய்விடுவார். ஏற்கெனவே ஒருத்தரை இழந்தவன்... இன்னொரு இழப்பு தாங்காது.

ஞாயிற்றுக்கிழமை கணபதி மண்டல ஹாலில் கூட்டம். "தலைவர் பேரை முன்மொழியறவங்க?" என்று சேகர் அண்ணனே கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எழுந்தேன்.

"தங்கராஜ் மாமா."

கைதட்டல் ஆரம்பித்தது.

"இருங்க... சேகர் அண்ணனும்!"

கைதட்டல் நின்றது. பின்னாலிருந்து ஒருத்தர் கத்தினார். "ஒரே ஆளு ரெண்டு பேரை எப்படிடா சொல்லுவ? மூளை இருக்கா?"

"எங்கப்பாவுக்கு ரெண்டு பேருமேதானே வந்தாங்க?" அழுதே விட்டேன்.

மாமா முகம் சிவந்தது. பிறகு சிரித்துவிட்டார். "பாவிப்பய... சலோ, ஓட்டுப் போடுவோம். சீட்டு எங்க?"

சீட்டுக்கு எங்கே போவது? யாருக்கும் அந்தப் பழக்கமே இல்லையே! கூட்ட நோட்டீஸைத் திருப்பிப் போட்டுக் கிழித்தோம்.

சேகர் அண்ணன் ஜெயித்தார். மாமா யாரிடமும் பேசாமல் ஸ்கூட்டரில் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலை வண்டியில் முதல் ஆள் அவர்தான்! பின்னாலேயே அண்ணன்.

"என்ன தலைவரே, பொங்கல் விழாவுக்கு ஹால் பிடிச்சாச்சா?"

"நேத்துதானே மாமா ஆனேன்!"

"அதெல்லாம் தெரியாது. இனிமே கேள்வி கேக்குறது நான்."

போட்டி வந்தால் உறவு முறிந்துவிடும் என்று பயந்துதானே இத்தனை வருஷமும் கைதட்டிக்கொண்டிருந்தோம்?

ஒன்றும் முறியவில்லை. இரண்டு பேரும் அடித்துக்கொண்டது கடைசிக் கரண்டிச் சட்னிக்கு மட்டும்தான்!