எதிர்த்து நிற்கக் கற்றுக்கொடுத்த குற்றம்

இன்னும் கோபம் அடங்கவில்லை.

தென்காசியில் நான் நடத்தும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் நேற்று 'ஸ்டாண்ட் அப் டு' நடத்தினேன். நம்மை அடக்கப் பார்ப்பவரை எதிர்த்து நிற்பது என்று அர்த்தம்.

என் வகுப்பில் கைடில் இருக்கும் வாக்கியம் செல்லாது. சொந்த வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியத்தை வீட்டில் சத்தமாகச் சொல்லிப் பதிவுசெய்து, வாட்ஸ்அப் குரூப்பில் போட வேண்டும்.

கல்லூரி மாணவி செல்வி ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொல்லியிருந்தாள்: "பெரியப்பா என் படிப்பை நிறுத்தச் சொல்கிறார். நான் அவரை எதிர்த்து நிற்பேன்."

பெரியப்பா குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருப்பவர். அவள் சொன்னபோது வீட்டில் இருந்த அவர் காதில் அது விழுந்துவிட்டது. யாரிடமோ அர்த்தம் கேட்டுக்கொண்டு, இன்று சாரலில் நனைந்தபடி வகுப்புக்குள்ளேயே வந்துவிட்டார்.

"டீச்சர், இங்கன இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கியளா, பெரியவங்கள எதுக்கச் சொல்லிக் குடுக்கியளா?"

"அண்ணாச்சி, ராஜா எதிரிய எதுத்து நின்னாருன்னு கைடுல இருக்கு. அதையும் தப்புன்னு சொல்லுவியளா?"

"ராஜா எதுக்கலாம். பொட்டப்புள்ள எதுக்கலாமா? ஏட்டி, நோட்ட எடு, போவோம்."

செல்வி நோட்டை மூடவில்லை. "கிளாஸ் முடியட்டும் பெரியப்பா" என்றாள். குரல் நடுங்கியது, ஆனால் இடத்தை விட்டு அசையவில்லை.

அவர் என்னை முறைத்தார். "இனிமே இந்தப் பாடமெல்லாம் நடத்தாதிய" என்று சொல்லிவிட்டுப் போனார்.

நாளைய பாடம் 'புட் அப் வித்'. எல்லாவற்றையும் சகித்துக்கொண்டு போவது. அதை ஏன் சொல்லிக்கொடுத்தாய் என்று எந்தப் பெரியப்பாவாவது சண்டைக்கு வருவார் என்கிறீர்களா?