டாக்டர் பியூலா மாற்றிய சைலன்ஸர்

காலை பத்தரை மணி இருக்கும். தேனியில் எங்கள் கால்நடை மருந்தகத்தில் ஓர் ஆட்டுக்குக் குடற்புழு மருந்து புகட்டிக்கொண்டிருந்தேன். போடியிலிருந்து டாக்டர் பியூலாவின் தம்பி கூப்பிட்டார். "அக்கா போயிட்டாக சார்" என்றார். மீதி மருந்தைப் புகட்டி முடித்தேன். சீட்டு எழுதிக் கொடுத்தேன். ஆட்டுக்காரர் படியிறங்கிய பிறகுதான் உட்கார்ந்தேன். பத்து நாள் காய்ச்சல். நாற்பத்து நான்கு வயது.

அவரைத் தெரிந்தவர்களுக்காக இதை எழுதுகிறேன். வருசநாட்டுப் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு அவர் 'செவப்புக் கார் டாக்டரம்மா'. போடி கடைத்தெருவில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்த குடும்பம். கொச்சியில் ஒருவரிடம் பழையதாக வாங்கிய கார் அது. வேகத்துக்கென்றே செய்த டர்போ வண்டி. அதில்தான் தினமும் போடியிலிருந்து வருசநாடு மருந்தகத்துக்குப் போய் வந்தார். மாட்டு டாக்டருக்கு எதற்கு இந்தக் கார் என்று அலுவலகத்தில் சிரிப்பார்கள். "நகை நட்டு எதுவும் கேக்காத பொம்பள. இது ஒண்ணுதேன் எனக்குன்னு வாங்குனேன்" என்பார்.

இரண்டு வருடங்களுக்கு முன் மலையடிவாரப் பாதையில் கல் தட்டி வண்டியின் சைலன்ஸர் பிளந்துவிட்டது. எனக்குக் கார் என்றால் பித்து. சொந்தமாக வைத்திருப்பது ஸ்கூட்டர்தான். ஆனால் செல்போனில் கார் வீடியோக்களாகப் பார்த்துத் தீர்ப்பவன். அதனால் என்னிடம்தான் யோசனை கேட்டார். கம்பெனி சைலன்ஸரையே திரும்பப் போடலாம். சத்தத்தை அடக்கும் கடைசிப் பெட்டியை மட்டும் மாற்றலாம். அல்லது நடுவிலிருந்து பின்பக்கம் வரைக்கும் பெரிய குழாயாகப் போட்டு, இடையில் இருக்கும் பெட்டிகளைக் கழற்றி எறியலாம். கடைசி வழியைத்தான் நான் சொன்னேன். "அவ்வளவு நல்ல இன்ஜினை வாயைப் பொத்தி வச்சிருக்காங்க டாக்டர். திறந்துவிடுங்க" என்றேன்.

"தினம் நூறு கிலோமீட்டர் ஓட்டுறேன் சார். காது தாங்குமா?"

"ரெண்டு நாள்ல பழகிரும்."

அப்படி ஒரு வண்டியில் நான் ஒரு நாள்கூடப் போனதில்லை. ஆனாலும் சொன்னேன்.

முதல் வாரம் அவர் ரசித்தது உண்மை. கண்டமனூர் தாண்டி வெறும் ரோட்டில் மூன்றாவது கியரில் மிதித்தால் தன்னாலே சிரிப்பு வருகிறது என்றார். அடுத்த வாரமே, "எண்பதுல போகையில தலைக்குள்ள மாவு மில்லு ஓடுது சார்" என்றார். பழகிவிடும் என்று அப்போதும் சொன்னேன்.

மூன்றாவது வாரம், வருசநாட்டுக்கு மேலே ஒரு தோட்டத்து வீட்டில் பேச்சியம்மாள் என்பவரின் பசு கன்று போட முடியாமல் தவித்தது. அவசரம் என்று போன் வந்ததும் டாக்டர் வண்டியை நேராக வாசல்வரை கொண்டுபோயிருக்கிறார். அந்த உறுமல் கேட்டுப் பசு மிரண்டு துள்ளியதில் கயிறு அறுந்து, சாணிக் குழி ஓரத்தில் போய் விழுந்தது. நாலு பேர் சேர்ந்து அதைத் தூக்கி நிறுத்தவே நெடுநேரம் ஆகிவிட்டது. பசு பிழைத்தது. இழுத்தெடுத்த கன்றுக்கு உயிர் இல்லை.

பேச்சியம்மாள் சத்தம் போடவில்லையாம். கை கழுவத் தண்ணீர் ஊற்றியபடியே, "டாக்டரம்மா, வண்டிய அங்கனயே நிப்பாட்டிட்டு நடந்து வந்திருக்கலாம்ல" என்று மட்டும் கேட்டாராம்.

மறுநாள் மருந்து வாங்கத் தேனிக்கு வந்த டாக்டர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்து இதைச் சொன்னார். கன்று வயிற்றிலேயே முன்பே செத்திருக்கலாம் என்று நான் ஆறுதல் சொன்னேன்.

"இருக்கலாம் சார். அது இனி எனக்குத் தெரியவே போறதில்லையே" என்றார்.

நான்தான் அந்தக் குழாயைப் போடச் சொன்னேன் என்றேன். "சொன்னது நீங்க. மாட்டுனது நானு. விடுங்க" என்று எழுந்துகொண்டார். அன்றும் சரி, பிறகும் சரி, யாரிடமும் அவர் என் பெயரைச் சொல்லவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை மதுரையில் ஒரு வெல்டிங் பட்டறைக்கு என்னையும் அழைத்துப் போனார். "ஓட்டம் குறையக் கூடாது. சத்தம் அடுத்தவுக வாசலுக்குப் போகக் கூடாது. ரெண்டும் வேணும்" என்றார். பட்டறைக்காரர் யோசித்துவிட்டு, இந்த இன்ஜினுக்கு இவ்வளவு பெரிய குழாய் தேவையில்லை என்றார். குழாயை ஓர் அளவு குறைத்தார். நடுவில் ரீங்காரத்தை அடக்கும் சின்னக் குடுவை, பின்னால் பஞ்சு அடைத்த பெரிய பெட்டி. வேகத்தடையில் இடிக்காதபடி எல்லாவற்றையும் மேலே தூக்கிக் கட்டினார். புகையைச் சுத்தம் செய்யும் பகுதியையும் எடுத்துவிட்டால் இன்னும் பாயும் என்று அவர் ஆசை காட்டினார். டாக்டர் ஒப்பவில்லை. "பின்னால பைக்குல வர்றவுக மூஞ்சியிலயா விடச் சொல்றீக?"

திரும்பும்போது என்னை ஓட்டச் சொன்னார். எண்பதில் நிறுத்திப் பிடிக்கச் சொல்லிவிட்டு, பின்சீட்டில் சாய்ந்து கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டே வந்தார். உசிலம்பட்டி வந்ததும் எழுந்து, "இப்ப பேசுனா பேச்சுக் கேக்குது" என்றார்.

அத்தோடு அவர் விடவில்லை. மறு வாரம் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனோம். நான் பசுவின் பக்கத்தில் நின்றேன். டாக்டர் வேலிக்கு வெளியே வண்டியைக் கிளப்பி, மெதுவாக வாசல்வரை வந்து நிறுத்தினார். பசு காதை ஒருமுறை திருப்பியது. பிறகு அசை போட ஆரம்பித்தது. பேச்சியம்மாள் டாக்டரின் முகத்தைப் பார்த்துவிட்டு, "இதுக்காகவா ஆத்தா வந்த?" என்றார். டாக்டர் ஸ்டியரிங்கில் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

இனி எழுதப்போவது அவருடைய தம்பிக்கும் தெரியாது.

காய்ச்சல் கண்ட இரண்டாம் நாள் அவர் எனக்குப் போன் செய்தார். "உடம்பு முறுக்குது சார். கெண்டைக்கால் நிக்க விடாம வலிக்குது. ஒரு நாளைக்கு எங்கிட்ட வர்ற கேஸைப் பாத்துக்கிறீகளா?" பார்த்துக்கொள்வதாகச் சொன்னேன். "மழையில நனைஞ்சிருப்பீங்க. மாத்திரை போட்டுப் படுங்க, ரெண்டு நாள்ல சரியாயிரும்" என்றேன்.

முந்தின வாரம் கையுறை கிழிந்த கையோடு ஒரு பசுவுக்கு அவர் பிரசவம் பார்த்திருந்தார். அது எனக்குத் தெரியும். காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் வந்தால் எலிக்காய்ச்சலை நினைக்க வேண்டும் என்பது எங்கள் படிப்பில் உள்ள பாடம். மாட்டின் மூத்திரம் வழியாகவும் அது மனிதருக்கு வரும். இருவரும் படித்தவர்கள்தான். படுத்திருந்த அவருக்கு அது தோன்றாமல் போயிருக்கலாம். நிமிர்ந்து உட்கார்ந்திருந்த எனக்குத் தோன்றியிருக்க வேண்டும். நான்கு நாள் கழித்துக் கண் மஞ்சளான பிறகுதான் மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அதற்குள் சிறுநீரகம் நின்றுவிட்டது. முதலிலேயே வந்திருந்தால் பிழைத்திருப்பாரா என்று அங்கே கேட்டேன். சொல்ல முடியாது என்றார்கள்.

போடி கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. வருசநாட்டிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். கார் அவர்கள் வீட்டு வாசலில் நின்றது. தம்பி சாவியை என்னிடம் நீட்டி, "அக்கா ஞாபகமா நீங்க வச்சுக்கங்க" என்றார். வாங்க எனக்கு மனம் வரவில்லை. ஏன் என்று அவரிடம் சொல்லவும் முடியவில்லை.

போன வாரம் கடமலைக்குண்டிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். மாடு தீனி எடுக்கவில்லையாம், வேறொன்றும் இல்லையாம். வழக்கமாக போனிலேயே மருந்து சொல்லிவிடுவேன். அன்று ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனேன். மாட்டைத் தொட்டுப் பார்த்தேன். லேசான வயிற்று உப்புசம்தான். "இதுக்கா சார் இம்புட்டுத் தூரம் வந்தீக?" என்று அவர் சங்கடப்பட்டார்.

போய்ப் பார்க்காமல் எதையும் சொல்வதில்லை என்ற இந்த ஒரு பழக்கம்தான் டாக்டர் பியூலாவிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருக்கிறது. அது எனக்கு அவர் உயிரோடு இருக்கும்போதே வந்திருக்க வேண்டும்.