தெருக்கோடியில் கொளுத்திய போகி

கல் உடைக்கும் கிரஷர் வந்த பிறகு எங்கள் ஊரில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலைச் செடி பச்சையாக இருந்து நான் பார்த்ததில்லை. இலையில் படிகிற தூளை மழை வந்தால் கழுவும். களையெடுக்கப் போய்ப் போய் என் மனைவியின் நெஞ்சுக்குள் இறங்கியதை யார் கழுவுவது? மனு கொடுத்து அலுத்துப்போனேன். கிரஷரைத்தான் நிறுத்த முடியவில்லை, போகிக்குத் தெருவில் டயர் கொளுத்துவதையாவது நிறுத்தலாம் என்று முந்தின நாளே வீடு வீடாகப் போய்க் கெஞ்சினேன்.

எதிர்வீட்டில் இருப்பவர் எனக்குத் தம்பி முறை, ஆட்டோ ஓட்டுகிறவர். "அண்ணிக்கு வீசிங்னா நாங்க கொளுத்துவமா? உன் வூட்டாண்ட ஒரு குச்சி எரியாதுண்ணே" என்றார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள், பாவிகள். விடிவதற்குள் பழைய பாய், டயர், கிழிந்த தார்ப்பாய் எல்லாவற்றையும் வாரிக்கொண்டு போய் தெருவின் வடக்குக் கோடியில் இருக்கும் களத்தில் போட்டுக் கொளுத்தினார்கள். எங்களுக்காகத்தான். மார்கழிக் கடைசியில் காற்று வடக்கேயிருந்து அடிக்கும் என்பது நெல் தூற்றுகிற ஊருக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்கு ஒருத்தருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

புகை நேரே எங்கள் வீட்டுக்கு வந்தது. ஜன்னலில் ஈரத்துணியை அடைத்தேன். ஓட்டு வீட்டில் எத்தனை இடுக்கை அடைப்பது? இன்ஹேலரை அடித்துப் பார்த்தும் கேட்கவில்லை. அவள் உதடு நீலம் பாரித்ததும் தெருவில் நின்று கத்தினேன். களத்திலிருந்து ஓடிவந்த தம்பிதான் அவளைத் தூக்கி ஆட்டோவில் உட்காரவைத்தார். அவர் சட்டையில் டயர் நாற்றம். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"தோ வந்துட்டோம் அண்ணி, மூச்ச விடு" என்று அழுதுகொண்டே ஓட்டினார். கூட்டேரிப்பட்டைத் தாண்டித் திண்டிவனம் போகிற வரைக்கும் ஊருக்கு ஊர் புகை. அவளுக்கு வேண்டியது காசாக இருந்தால் கடன் வாங்கியிருப்பேன். காற்றை எங்கே போய்க் கேட்பது?

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் வைத்தார்கள். வெயில் ஏறிய பிறகுதான் உதட்டில் நிறம் வந்தது. தூசி, புகை ஆகாது, இடத்தை மாற்றுங்கள் என்றார் டாக்டர். காணியை விட்டு எங்கே மாற்றுவது?

அவள் மாஸ்க்கை விலக்கி என் கையைப் பிடித்தாள். "என்ன வூட்டுக்கு இட்டுக்கினு போவாதய்யா. இங்கியே இருந்துடறேன்."

மறுநாள் பொங்கல். வேறு நோயாளிக்குக் கட்டில் வேண்டும் என்று டிஸ்சார்ஜ் பண்ணிவிட்டார்கள். வீட்டுக்குத்தான் கூட்டிக்கொண்டு வந்தேன்.