குளிர்ப் பக்கம் ஒதுங்கிய பழ ஈக்கள்

ஏசி, ஃப்ரிட்ஜ், குளிர்பதன அறை என்று இருபது வருடமாகக் குளிரோடு மல்லுக்கட்டியவருக்கு அந்த ஆய்வுக்கூடத்தில் ‘கூலிங் அண்ணன்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. எந்த அறையில் எந்த இயந்திரம் எப்படி முனகும் என்பது அவருக்கு அத்துப்படி. மூன்றாம் மாடியில் ஈக்களை வைத்துக்கொண்டு என்னதான் செய்கிறார்கள் என்பதை மட்டும் அவர் கேட்டதில்லை. ஒரு திங்கட்கிழமை அதற்கும் வேளை வந்தது.

அந்த அறையின் ஆய்வாளர் அம்மா அவரை அழைத்து ஓர் அலுமினியத் தகட்டைக் காட்டினார். முழ நீளம் இருக்கும். ஒரு முனை பத்து டிகிரி, மறுமுனை முப்பத்திரண்டு, இடையில் சூடு சிறுகச் சிறுக ஏறும். மேலே கண்ணாடி மூடி. உள்ளே பழ ஈக்களை விட்டால் அங்குமிங்கும் நடந்து பார்த்துவிட்டு, அரை மணி நேரத்தில் பெரும்பாலானவை இருபத்தைந்து டிகிரி உள்ள இடத்தில் போய் உட்கார்ந்துவிடுமாம். பத்து நாளாகப் பாதி ஈக்கள் இருபத்திரண்டுக்கே ஒதுங்குகின்றன. தகடுதான் பழுது என்று அம்மா முடிவு கட்டியிருந்தார்.

கூலிங் அண்ணன் தகட்டில் பன்னிரண்டு இடத்தில் கருவி வைத்து அளந்தார். ஒரு டிகிரிகூடப் பிசகவில்லை. அம்மா நம்பாமல் மறுபடி அளக்கச் சொன்னார். அளந்துகொண்டே அவர் கேட்டார்: “இவ்வளவு சின்னதுக்கு எது சூடு, எது குளிர்னு எப்படி மேடம் தெரியுது?”

அம்மா கைவேலையை நிறுத்தாமலே சொன்னார். ஈயின் உணர்கொம்பில் சூட்டைக் கண்டுகொள்ளும் செல்கள் சில, குளிரைக் கண்டுகொள்பவை சில. அது மட்டுமல்ல, மூளைக்குள்ளேயே உள்ள சில செல்களும் தலை சூடாவதை நேரடியாக உணர்ந்துகொள்ளும். காலையில் ஈக்களுக்குக் கொஞ்சம் குளிர்ந்த இடம் பிடிக்கும். சாயங்காலம் ஆக ஆகச் சற்றே சூடான இடத்துக்கு மாறும்.

அவர் குனிந்து ஓர் ஈயை உற்றுப் பார்த்தார். கசகசா அளவு தலை. அதற்குள் இத்தனை ஏற்பாடா?

வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தார். தையல் மெஷினில் கண்ணாக இருந்தவள் நூலைப் பல்லால் கடித்துத் துண்டித்தாள்.

“தகடு சரியா இருக்குன்னா அதை ஏன் இன்னும் நோண்டிட்டிருக்கீங்க? குளிர் வேணும்னு அதுங்க போகுது. ஏன் வேணுமாம்? அதை யாராவது பார்த்தீங்களா?”

மறுநாள் யாரும் கூப்பிடாமலே அவர் மூன்றாம் மாடி ஏறினார். குளிர்ப் பக்கம் போகிற ஈக்களை எங்கே வளர்க்கிறார்கள் என்று விசாரித்தார். எல்லாம் ஒரே அலமாரி. இருபத்தைந்து டிகிரியில் வைக்கும் கண்ணாடிக் கதவு அலமாரி. பாதிக் குப்பிகள் மேல் தட்டில், பாதி கீழ்த் தட்டில். மேல் தட்டுக் குப்பி ஒன்றை வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். அடியில் கூழ் போல இருக்க வேண்டிய ஈத்தீனி சுருங்கி, வெடித்து, சுவரை விட்டுப் பிரிந்து கிடந்தது. கீழ்த் தட்டில் பளபளவென்று ஈரமாக இருந்தது.

அலமாரியின் பின்பக்கம் திறந்து பார்த்தார். காற்றைத் திருப்பிவிடும் சிறு தகரம் கழன்று விழுந்திருந்தது. விசிறிக் காற்று முழுக்க மேல் தட்டின் மேலேயே அடித்துக்கொண்டிருந்தது.

“மேடம், உங்க தகட்டுல கோளாறில்ல. மேல இருக்கறதுங்களுக்குச் சாப்பாடு காஞ்சுபோச்சு.”

அம்மா குப்பியை வாங்கிப் பார்த்தார். பிறகு தலையில் கை வைத்துக்கொண்டார். பட்டினி கிடக்கும் ஈ குளிர்ந்த இடத்தைத் தேடும். உடம்பு குளிர்ந்தால் செலவு குறையும், இருக்கிற சத்தை வைத்து நாளைத் தள்ளலாம். இது தமக்குத் தெரிந்த சங்கதிதான், தம் ஈக்கள் பசியில் இருக்கும் என்றுதான் தோன்றவில்லை என்று வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார். பத்து நாள் கணக்கும் குப்பைக்குப் போனது.

தகரத்தை முடுக்கி, புதுத் தீனி போட்டு, இரண்டு நாள் கழித்து மேல் தட்டு ஈக்களைத் தகட்டில் விட்டார்கள். அன்று அவருக்கும் ஒரு முக்காலி போட்டிருந்தது. ஈக்கள் ஒவ்வொன்றாக இருபத்தைந்துக்கு வந்து சேர்ந்தன. அவர் முகத்தில் அப்படியொரு திருப்தி; ஆனால் மனம் அடங்கவில்லை.

“சூடுன்னு தெரிஞ்சுக்கறது வேற, இது போதும், இங்கயே இருப்போம்னு தீர்மானிக்கறது வேற இல்லையா மேடம்? பசியையும் பொழுதையும் சேர்த்து வெச்சு அதுக்குள்ள யாரு முடிவு பண்றா?”

அம்மா பேனாவை மூடி வைத்தார். “அதைத்தான் அண்ணே நானும் தேடிட்டிருக்கேன். அங்கங்க சில செல்களைப் பிடிச்சிருக்கோம். முழுசா இன்னும் பிடிபடல.”

தகட்டில் ஒரே ஒரு ஈ மட்டும் பதினெட்டு டிகிரியில் இறக்கையைத் துடைத்துக்கொண்டிருந்தது. வயிறு நிறைந்த ஈதான். அவர் விரலால் சுட்டிக் காட்டினார். அம்மாவும் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

கீழ்த் தளத்திலிருந்து மூன்று முறை ஃபோன் வந்தது, ஏதோ ஏசி ஒழுகுகிறதாம். இதோ வருகிறேன் என்று சொல்லிவிட்டு, அந்த ஈ அடுத்த அடி எந்தப் பக்கம் வைக்கிறது என்று பார்த்தபடி அவர் முக்காலியிலேயே உட்கார்ந்திருந்தார்.