கோயில் ஒரு நாட்டில், கல்லறை ஒரு நாட்டில்

என் அப்பா பிரெஞ்சுக்காரர். சொன்னால் சிரிப்பார்கள். நல்ல கறுப்பு, குட்டை ஆள். மல்லாட்டை, அதாவது வேர்க்கடலைக் கொல்லையில் குந்திக் களை எடுத்தால் தூரத்தில் இருப்பவருக்கு அங்கே ஆள் இருப்பதே தெரியாது. பிரெஞ்சு பாஷையில் அவருக்குத் தெரிந்தது இரண்டு வார்த்தை, அதில் ஒன்று வசவு. ஆனாலும் பிரெஞ்சுக்காரர்தான். எங்கள் ஊர் புதுச்சேரிப் பிரெஞ்சு சர்க்காரைச் சேர்ந்தது. மூன்று பக்கமும் வானூர்ப் பக்கத்து நிலம், அதாவது இங்கிலீஷ்காரன் எல்லை. நான்காவது பக்கம் ஒரு வண்டிப் பாதை புதுச்சேரிக்குப் போகும். எந்த நவாபு எந்தக் கும்பினிக்கு எந்த ஊரை எழுதிக் கொடுத்தானோ, நாங்கள் இப்படிப் பிறந்தோம்.

ஊருக்கு மேற்கே எல்லை என்பது ஒரு வாய்க்கால். இறங்கித் தாண்டினால் முழங்கால் நனையும், கோடையில் அதுவும் இல்லை. இந்தப் பக்கம் மாதா கோயில், அந்தப் பக்கம் கல்லறை. கோயில் கட்டிய முன்னோர்கள் அந்தப் பக்கம் மேடாக இருக்கிறது, மழைத் தண்ணீர் நிற்காது என்று பார்த்தார்களே தவிர, அது இன்னொரு ராஜாவின் மேடு என்று பார்க்கவில்லை. வேறு எந்த ஊர்க்காரரும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டார்கள். செத்தவர்களுக்கு ஈரம் படக்கூடாது என்று நினைத்து, இருப்பவர்கள் தலையில் கல்லைப் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

ஆனால் நான் பாவாடை கட்டித் திரிந்த காலத்தில் அது கல்லாகத் தெரியவில்லை. அம்மா ஜுரத்தில் போனபோது கோயிலில் பூசை முடித்து, பெட்டியை மூடி ஆணி அடித்து, தூக்கிக்கொண்டு வாய்க்காலைத் தாண்டினார்கள். அக்கரையில் இங்கிலீஷ்காரன் சுங்கச் சாவடி என்று ஒரு கீற்றுக் கொட்டகை, அதன் முன்னால் ஒரு மூங்கில் தடுப்பு. காவல்காரர் தூரத்திலேயே பார்த்துவிட்டு மூங்கிலைத் தூக்கி, தலைப்பாகையை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார். எங்கிருந்து வருகிறீர்கள், என்ன கொண்டு போகிறீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அம்மாவுக்குப் பக்கத்தில் ஒரு ஆள் படுக்கும் இடத்துக்கு அப்பா தலைமாட்டில் ஒரு கல் நட்டு வைத்தார். அது அவர் இடம். வருஷா வருஷம் கல்லறைத் திருநாளுக்குப் போனால் அம்மாவின் மேல் முளைத்த புல்லைப் பிடுங்குவார், பிறகு நகர்ந்து உட்கார்ந்து தன் இடத்துப் புல்லையும் பிடுங்குவார். வீட்டுக்குக் கூரை மாற்றுவதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் செய்வார்.

யுத்தக் காலத்தில் என்னைத் திண்டிவனத்தில் கட்டிக் கொடுத்தார்கள். அப்போது சுங்கத்தையே எடுத்துவிட்டிருந்தார்கள். சாவடிக் கூரை சரிந்து கிடந்தது, மூங்கிலைக் கறையான் தின்றுகொண்டிருந்தது. பெண்ணை வேறு நாட்டுக்குக் கொடுக்கிறோம் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. என் புருஷனுக்கு அப்போது ஒரு மல்லாட்டை மண்டியில் வேலை. அதிகம் பேசமாட்டார். யாராவது அதட்டினால் உடனே எழுந்து நிற்பார். அதுதான் அவரிடம் எனக்குப் பிடிக்காத குணம்.

சுதந்திரம் வந்த அன்று திண்டிவனமே குதித்தது. நானும் மூவர்ணக் காகிதக் கொடியை ரவிக்கையில் குத்திக்கொண்டு நின்றேன், அழுகைகூட வந்தது. அடுத்த வாரம் ஊருக்குப் போனபோதும் அந்தக் கொடி என் மேல்தான் இருந்தது. அப்பா அதையே பார்த்தார். வெள்ளைக்காரன் போனது அவருக்கும் சந்தோஷம்தான், எங்கள் வெள்ளைக்காரனும் போனால் நல்லதுதான் என்றார். பிறகு சொன்னார்.

"யாரு கூட சேர்றதுன்னு எங்கள ஒரு வார்த்த கேக்கட்டும்மா. கேட்டா நானே மொத ஆளா கைய தூக்குறேன். கேக்காத கழுத்த புடிச்சி இழுத்துக்கினு போனா, அவன் நல்லவனா இருந்தாலும் நான் வர மாட்டேன்."

அந்த வாரமே என் புருஷனுக்குச் சுங்கத்தில் ஜவான் வேலை கிடைத்தது. சர்க்கார் வேலை. அப்பா கோழி அடித்து விருந்து வைத்தார். ஒன்றிரண்டு வருஷத்தில், எடுத்த சுங்கம் திரும்ப வந்தது. அவரை எங்கே போட்டார்கள் என்றால், ஊரில் வேறு வாய்க்காலே இல்லாததுபோல, எங்கள் வாய்க்காலில். புதுக் கூரை, புது மூங்கில், மேலே நம் கொடி. நான் பெருமைப்பட்டேன் என்பதை ஒளிப்பானேன்?

அதன் பிறகு இந்திய சர்க்கார் ஒவ்வொரு சுருக்காக இறுக்கியது. புதுச்சேரிச் சரக்கு இந்தியப் பக்கம் வரக்கூடாது. இந்தியப் பக்கத்து அரிசி, சீமெண்ணெய், சர்க்கரை எங்கள் ஊருக்குப் போகக்கூடாது. ஊரில் பொழுது சாய்வதற்கு முன்பே கேப்பைக் கூழைக் குடித்துவிட்டு விளக்கில்லாமல் படுத்தார்கள். இந்தியாவோடு சேரவேண்டும் என்று ஒரு கட்சி, வேண்டாம் என்று ஒரு கட்சி, கோயில் வாசலிலேயே இரண்டும் கைகலந்தன. நான் வாரம் ஒருமுறை திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி வந்து, சாவடியில் என் கூடையை என் புருஷனிடமே திறந்து காட்டிவிட்டு அப்பா வீட்டுக்குப் போனேன். அவர் தலையை நிமிர்த்தாமல் கூடைக்குள் கையை விட்டுப் பார்ப்பார். சாவடித் தலைவர் நாற்காலியில் இருந்து கவனித்துக்கொண்டிருப்பார். முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, அப்புறம் எரிச்சல் வந்தது.

அந்தச் சமயத்தில் எங்கோ ஒரு ஊரில் சவப்பெட்டிக்குள் சாராயம் கடத்தினார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பியது. பார்த்தவர் ஒருவரும் இல்லை. ஆனால் உத்தரவு வந்துவிட்டது. பிணம் போகலாம், பெட்டியைத் திறந்து சோதித்த பிறகு.

முதலில் மாட்டியது எங்கள் தெருவில் பிரசவத்தில் செத்துப்போன ஒரு சின்னப் பெண். நானும் அப்பாவும் அந்த ஊர்வலத்தில் போனோம். மூங்கிலுக்கு முன்னால் பெட்டியை இறக்கச் சொன்னார்கள். அவள் புருஷன் முதலில் கெஞ்சினான், பிறகு கத்தினான். சாவடித் தலைவர் என் புருஷனைப் பார்த்தார். இவர் உடனே எழுந்து நின்றார். ஆணி பிடுங்கும் இடுக்கியை எடுத்து வந்து ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். மூடியைத் தூக்கியதும் அந்தப் பெண்ணின் முகமும், பக்கத்தில் துணியில் சுற்றியிருந்த குழந்தையும் வெயிலில் தெரிந்தன. தலைவரே முகத்தைத் திருப்பிக்கொண்டார். மூடியைத் திரும்ப வைத்து என் புருஷன் அடிக்கும்போது ஒரு ஆணி வளைந்துவிட்டது.

அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நான் பரிமாறவும் இல்லை.

அப்பா அதன் பிறகு மருமகனைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டார். மழை தொடங்கியதும் அவருக்கு நெஞ்சில் சளி கட்டியது, மூச்சு இழுத்தது. நான் திண்டிவனத்து வீட்டைப் பூட்டிக்கொண்டு வந்து அவர் பக்கத்திலேயே இருந்தேன். ஒருநாள் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தபோது என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அவ பக்கத்துல போயி படுக்கணும். ஆனா என் பொட்டிய தொறக்க வுடாதம்மா. அவன் கையால தொறக்க வுடாத."

பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். எப்படிப் பார்ப்பது? எனக்கு இரண்டு பயம். அப்பாவுக்குக் கொடுத்த வாக்கு ஒன்று. இன்னொன்று அதைவிடக் கேவலமானது, ஆனால் அதுதான் என்னைத் தூங்கவிடவில்லை. அப்பாவின் பெட்டி ஆணியை அந்தக் கை பிடுங்கினால் அதன் பிறகு அந்தக் கையோடு நான் எப்படிக் குடும்பம் நடத்துவேன்? என் புருஷனிடம் லீவு போடச் சொன்னேன். ஆள் குறைவு, லீவு இல்லை என்றார். வேலையை விடச் சொன்னேன். மறுநாளும் உடுப்போடு சாவடியில்தான் நின்றார்.

சுங்கத்தின் பெரிய அதிகாரி விழுப்புரத்தில் முகாம் போட்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டு, அப்பாவை, கோயிலில் ஜெபம் சொல்லித்தரும் உபதேசியாரிடம் விட்டுவிட்டுப் புறப்பட்டேன். ரயில் நெடுக, கேட்க வேண்டியதை முணுமுணுத்துக்கொண்டே போனேன். எதிரில் இருந்த அம்மாள் ஜெபமாலை சொல்கிறேன் என்று நினைத்துக் கும்பிட்டாள். விழுப்புரம் ஸ்டேஷனில் எதிர்ப் பிளாட்பாரத்தில் புதுச்சேரி வண்டி நின்றிருந்தது. மூட்டைகளை எல்லாம் கீழே இறக்கி அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு கிழவி தன் சேலைகளை ஒவ்வொன்றாக மடித்துத் திரும்ப வைத்துக்கொண்டிருந்தாள்.

அதிகாரி மரியாதையானவர். உட்காரச் சொன்னார். என் அப்பாவின் பெட்டியை மட்டும் திறக்காமல் விடவேண்டும் என்று கேட்டேன்.

"அப்பா எப்பம்மா தவறினார்?"

"இன்னும் தவறலைங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்தார். உயிரோடு இருக்கிறவர் சவத்துக்கு எப்படி உத்தரவு போடுவது என்றார். கேட்ட பிறகுதான் நான் என்ன கேட்டிருக்கிறேன் என்று எனக்கே உறைத்தது. பெற்ற அப்பனைச் சாகடித்துவிட்டு அனுமதி கேட்கிறேன். அவர் குரலைத் தணித்து, சுலபமான வழி இருக்கிறது, அவரை இப்போதே திண்டிவனத்துக்கு உங்கள் வீட்டுக்கே கூட்டி வந்துவிடுங்கள், நம் ஊரில் இறந்தால் சோதனை ஏது, சாவடி ஏது என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன்.

அப்பாவிடம் சொன்னேன். படுக்கையில் இருந்தபடியே சிரித்தார், சிரிப்பு இருமலாகிவிட்டது.

"சாவறதுக்குக்கூட அவுங்க ஊருக்கு வரணுமா? பேஜாருதான். இருக்கற எடத்துலயே சாவறேன், போம்மா."

அதன் பிறகு என்னை வெளியே அனுப்பிவிட்டு உபதேசியாரிடம் ஏதோ பேசினார். செய்த பாவங்களைச் சொல்லிவிட, பாவசங்கீர்த்தனத்துக்குக் கோயில் சாமியாரை அழைத்துவரச் சொல்கிறார் என்று நினைத்தேன். சாமியார் வந்தார், சாகக் கிடப்பவர்களுக்குப் பூசும் எண்ணெயால் அவஸ்தை பூசினார். ஒருநாள் விடிந்த பிறகு, நான் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தபோது, மூச்சிழுக்கும் சத்தம் நின்றதைக் கேட்டேன்.

கோயிலில் பூசை நடந்தது. என் காதில் ஒன்றும் விழவில்லை. கோயில் ஜன்னல் வழியாகச் சாவடிக் கொடி தெரியும், அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். இடுக்கியை எங்கே வைத்திருப்பார், சுவரில் மாட்டியிருப்பாரா, மேஜை மேல் எடுத்து வைத்துவிட்டாரா என்று மனம் அங்கேயே சுற்றியது. பூசை முடிந்ததும் எல்லாரும் முகம் பார்த்தார்கள். மூடியைக் கொண்டுவந்த தச்சரை உபதேசியார் கையால் தடுத்தார்.

"மூட வாணாம். மூடனாத்தான தொறப்பாங்க. அப்படியே தூக்கிக்கினு போங்கன்னுட்டாரு அவரு."

அப்படியே தூக்கினார்கள். எங்கள் ஊரில் அதற்கு முன்னால் யாரும் அப்படிப் போனதில்லை. முகம் வானத்தைப் பார்த்திருக்க, வெள்ளை வேட்டி தெரிய, நான்கு பேர் தோளில் அப்பா கோயில் வாசலைத் தாண்டினார். மூடியைத் தச்சர் தலையில் வைத்துக்கொண்டு பின்னால் வந்தார். வாய்க்காலில் முழங்கால் தண்ணீர். தூக்கியவர்கள் தடுமாறியபோதெல்லாம் என் உயிர் போய் வந்தது. திறந்த பெட்டியானாலும் கீழே இறக்கு, துணியை விலக்கு என்று சொல்வார்களோ என்ற பயம் என்னை விடவில்லை.

மூங்கிலுக்கு முன்னால் நின்றார்கள். என் புருஷன் உடுப்போடு நின்றுகொண்டிருந்தார். இடுக்கி அவர் கையில்தான் இருந்தது. சாவடித் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்து வந்து பெட்டிக்குள் பார்த்தார். அப்பாவின் முகம், மார்பில் கூப்பிய கை, அதில் ஜெபமாலை. வேறென்ன? பிடுங்க ஆணி இல்லை, தூக்க மூடி இல்லை. தலைவர் தானே போய் மூங்கிலைத் தூக்கினார்.

கூட்டம் நகர்ந்தது. நான் என் புருஷனைத் தாண்டிப் போனேன், பார்க்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு பின்னால் செருப்பில்லாத காலோசை கேட்டது. திரும்பினேன். சட்டைப் பித்தான் அவிழ்ந்து, தொப்பி இல்லாமல், தச்சரிடமிருந்து மூடியை வாங்கித் தன் தலையில் வைத்துக்கொண்டு அவர் வந்துகொண்டிருந்தார். சாவடியிலிருந்து யாரோ அதட்டிக் கூப்பிட்டார்கள். அவர் நிற்கவில்லை.

அம்மாவின் பக்கத்தில் அப்பாவின் கல்லுக்கு முன்னால் பெட்டியை இறக்கினார்கள். சாமியார் தீர்த்தம் தெளித்தார். என் புருஷன் மண்டியிட்டு மூடியை வைத்தார். தச்சரிடம் சுத்தியலைக் கேட்டு வாங்கி, சுற்றிலும் ஆணி அடித்தார். இந்த முறை ஒரு ஆணியும் வளையவில்லை. அடித்து முடித்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் என் முந்தானையால் அவர் நெற்றி வேர்வையைத் துடைத்தேன்.

அதன் பிறகு எங்கள் ஊர் யாரோடு சேர்ந்தது, எப்படிச் சேர்ந்தது என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். அப்பாவின் பெட்டியை மட்டும் எந்தச் சர்க்காரும் திறக்கவில்லை.