சாம்பல் ஆற இரண்டு நாள்

இரும்புலியூரில் அண்ணன் வீட்டு பீரோவைத் திறந்தால் மேல் தட்டில் ஒரு கரி மூட்டை இருந்தது. அண்ணியின் பட்டுப்புடவைகள் இருந்த தட்டு அது. மூட்டையைச் சுற்றிப் பழைய செய்தித்தாள், அதற்கு மேல் பிளாஸ்டிக் கவர், அதற்கு மேல் சணல் கயிறு, மூலைக்கு மூலை அந்துருண்டை. விமான நிலையத்திலிருந்து வந்து இறங்கி, கைலி எடுக்கலாமென்று திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மூன்று வருடம் கழித்து ஊருக்கு வருபவனுக்கு எல்லாமே கொஞ்சம் புதிதாகத்தான் தெரியும். ஜி.எஸ்.டி. ரோட்டைக் கடப்பதற்குள் எனக்கு உயிர் போய் உயிர் வந்திருந்தது. அதெல்லாம் எதிர்பார்த்ததுதான். கரிக்குப் பட்டுப்புடவை மரியாதை கிடைக்கும் என்று மட்டும் எதிர்பார்க்கவில்லை.

“இன்னா தம்பி அப்டிப் பாக்குற? உன் கரிதான்,” என்றார் அண்ணி. “கரிக்கு பீரோ, என் பொடவைக்கு அட்டப்பொட்டி. எங்க அக்கா பொண்ணு கல்யாணத்துக்குக் கூரப்பொடவையக் கட்டினு போறேன், முந்தானையெல்லாம் கரி. பந்தில பக்கத்துல குந்தினு இருந்தவ, ‘இன்னாக்கா, அடுப்பாண்டயிருந்து நேரா வந்துட்டியா’ன்னு கேக்குறா. உங்க அண்ணனாண்ட சொன்னா, கரிய வெளிய வெச்சா ஈரம் இழுத்துக்குமாம். பொடவை ஈரம் இழுக்காதா?”

அண்ணன் கூடத்தில் உட்கார்ந்து என் பெட்டியின் சக்கரங்களில் ஒட்டியிருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார். ரயில்வே ஸ்டோர்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஒரு பொருளை எங்கே, எப்படி வைத்தால் கெடாது என்று அவருக்குத் தெரியும். தூக்கிப் போடத்தான் தெரியாது.

அந்தக் கரி என்னுடையது ஆன கதை மெல்பர்னில் ஆரம்பிக்கிறது. அங்கே போன முதல் கோடையில், வாடகை வீட்டின் பின்னால் யாரோ விட்டுப்போன கிரில் அடுப்பு ஒன்று கிடைத்தது. சனிக்கிழமையானால் தெரு முழுக்கப் புகை. நாமும் மனிதர்தானே என்று கோழியை வாங்கி, மிளகும் தயிரும் தடவிச் சுட்டேன். தின்று முடித்ததும் சாம்பலை வாரிக் குப்பைத்தொட்டியில் கொட்டினேன். ஊரில் சாம்பலைக் கொட்ட யார் நேரம் பார்த்தார்கள்? அம்மா வெந்நீர் அடுப்புச் சாம்பலை அள்ளிக் குப்பைமேட்டில் வீசிவிட்டுத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள். குப்பைமேடு உருகாது. மெல்பர்ன் தொட்டி பிளாஸ்டிக் என்பது அப்போது என் மண்டையில் ஏறவில்லை.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு கிரெக் கதவைத் தட்டினார். ஓய்வுபெற்ற பிளம்பர், சிரிக்காத முகம். மூக்கைத் தொட்டுக் காட்டி, “உங்கள் பின்பக்கமிருந்து ஒரு மாதிரி வாடை வருகிறது,” என்றார். எனக்கு உடம்பு கூசிப்போயிற்று. வெளிநாட்டில் குடியேறிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்: வந்த புதிதில் நாம் பயப்படுவது குளிருக்கு அல்ல, நம் மசாலா வாடைக்கு. “மன்னிக்க வேண்டும், இது எங்கள் ஊர் மசாலா, அடிக்கடி செய்ய மாட்டோம், ஜன்னலையெல்லாம் சாத்திவிடுகிறோம்,” என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அதில்லை. உங்கள் குப்பைத்தொட்டி எரிகிறது,” என்றார்.

மறுநாள் அவரே ஒரு தகர டின்னைக் கொண்டுவந்து கொடுத்தார், இறுக்கமான மூடியுடன். சாம்பலை இதில் போடு, மூடு, சிமெண்டுத் தரையில் வை, இரண்டு நாள் தொடாதே. பார்த்தால் ஆறின மாதிரிதான் இருக்கும், நம்பாதே. கரியை மட்டும் ஈரம் படாமல் பார்த்துக்கொள். இதுதான் அவர் சொன்ன சட்டம். அடுத்த சனிக்கிழமை ஒரு தட்டை நீட்டி, அந்தக் கோழி மிச்சமிருக்கிறதா என்றும் கேட்டார்.

புதிதாகக் கற்றுக்கொண்டவனின் வாய் சும்மா இருக்காது. அடுத்த முறை இரும்புலியூருக்கு வந்தபோது ஒரு கிரில் வாங்கினேன், தாம்பரம் மார்க்கெட் கரிக்கடையில் ஒரு மூட்டை கரி வாங்கினேன், கிரெக்கின் சட்டத்தை ஒரு வரி விடாமல் அண்ணனுக்கு ஒப்பித்தேன். என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அப்பா போனபிறகு என்னைப் படிக்கவைத்தவர். அவர் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். அன்று மாலை பின்பக்கத்துக் கொய்யா மரத்தடியில் சுட்டுத் தின்றோம். தாம்பரம் விமானப்படைத் தளத்துக்கு ஏதோ ஒரு விமானம் தாழப் பறந்து போயிற்று. அண்ணன் எலும்பைக் கடித்துக்கொண்டே, “நீ இங்கயே வந்துட்டேன்னு வையி, வாராவாரம் சுடலாம்டா,” என்றார். நான் “ஆமாண்ணா” என்றேன். கோழி நன்றாக இருந்தது, வேறென்ன சொல்வது? மூட்டையில் பாதிக் கரி மிச்சமிருந்தது.

அந்த “ஆமாண்ணா”வை அவர் பத்திரமாக எடுத்து வைத்துக்கொள்வார் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் கிளம்பினபிறகு தெருவில் ஒவ்வொரு வீடாக இடிந்து அடுக்குமாடியாயிற்று. எங்கள் வீடு தாழ்வான இடம். மழை பலமாகப் பெய்தால் தண்ணீர் உள்ளே வந்துவிடும். அண்ணிக்கு முழங்கால் தேய்மானம். பில்டர் பலமுறை வந்து, லிஃப்டோடு இரண்டாவது மாடியில் வீடு தருகிறேன் என்றார். அண்ணன் பிடிகொடுக்கவில்லை. வீட்டின்மேல் உள்ள பாசம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். போனில் புத்திமதிகூடச் சொன்னேன். நானும் என் மனைவியுமோ அதற்குள் மெல்பர்னில் வீடு வாங்கி, குடியுரிமையும் எடுத்திருந்தோம். திரும்பி வரப்போவதில்லை. இதைப் போனில் சொல்ல வாய் வரவில்லை, நேரில் சொல்லத்தான் இந்த முறை வந்தேன். வந்தால் பீரோவில் கரி.

மதியம் அண்ணன் கடைக்குப் போனதும் அண்ணி காலை நீட்டி உட்கார்ந்து வெள்ளக் கதையைச் சொன்னார். “தண்ணி கடகடன்னு ஏறிக்கினே வருது. நான் கட்டில்மேல ஏறிக் குந்தினு கத்துறேன். இந்த மனுசன் இன்னாத்த மொதல்ல தூக்குனாரு தெரியுமா? கரி மூட்டைய. அதத் தலைல வெச்சினு மாடிக்குப் போனாரு. அப்பால கேஸ் சிலிண்டரு. அப்பால நானு. ‘கரி நனஞ்சா அவன் வந்து எதுல சுடுவான்’ங்குறாரு. பில்டருக்கும் அதே பதில்தான். மாடி வூட்டுல புகை போட வுடமாட்டாங்களாம், தம்பிக்கு பின்னாடி எடம் வேணுமாம்.” சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பிறகு முழங்காலைத் தடவிக்கொண்டு, “நீ எப்ப தம்பி வருவ? நெஜமாச் சொல்லு,” என்றார். என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. “அண்ணன்கிட்ட இன்னிக்குப் பேசுறேன் அண்ணி,” என்றேன்.

மெல்பர்னுக்குக் கிளம்புவதற்கு முந்தின மாலை அடுப்பைப் பற்றவைத்தோம். இத்தனை நாளும் இன்று நாளை என்று தள்ளிவிட்டேன், வேறு வழியில்லாத நாள் வந்துவிட்டது. மூன்று வருடக் கரி, ஒரு துண்டுகூட நமுக்கவில்லை. எடுத்தவுடன் அந்துருண்டை வாடை அடித்தது, அதுவும் பற்றிக்கொண்டதும் போய்விட்டது. அண்ணன் முறத்தால் விசிற, நான் கோழியைப் புரட்டினேன். அண்ணி ஸ்டூலில் உட்கார்ந்து, “பொடவ வாசன வருதா பாரு,” என்று கேலி செய்தார். எல்லாம் அன்றைய மாலை போலவே இருந்தது, அதனால்தான் தாங்க முடியவில்லை. சாப்பிட்டு முடித்து, கரி நீறு பூத்து வெளுத்தபோது சொன்னேன்.

“அண்ணா, அங்கயே வீடு வாங்கிட்டோம். இனிமே இங்க வந்து இருக்கறதுன்னு... அது நடக்காதுண்ணா.”

அண்ணன் முறத்தைக் கீழே வைத்தார்.

“சொந்த வீடா?”

“ஆமாண்ணா.”

“பின்னாடி எடம் இருக்கா?”

“இருக்குண்ணா.”

“கரி வெக்க?”

“கார் நிறுத்துற ஷெட் இருக்கு.”

“ஈரம் எறங்காதே?”

“இறங்காதுண்ணா.”

“அப்ப சரி,” என்றார். “நாளைக்கே பில்டரைக் கூப்பிட்டுச் சொல்லிடறேன். இவளுக்கும் கால் வலி.” அவர் திட்டியிருக்கலாம். உன்னால் இத்தனை வருடம் இவள் தண்ணீரில் கிடந்தாள் என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் நானும் ஏதாவது பதில் சொல்லி, கொஞ்சம் அழுது, சரியாகிப் போயிருப்பேன். அவர் அப்படிப்பட்டவர் இல்லை என்பதுதான் இன்றுவரை எனக்கு வலி.

மறுநாள் காலை அவரே சாம்பலை அள்ளி ஒரு பழைய பிஸ்கட் டின்னில் போட்டு மூடி, துவைக்கிற கல்மேல் வைத்து, மூடிமேல் ஒரு செங்கல்லும் வைத்தார். “ரெண்டு நாள்,” என்றார். “நான் இன்னிக்கே கிளம்புறேனேண்ணா,” என்றேன். “நீ போ, நான் பாத்துக்கறேன்.”

பிறகு போனில் பேசும்போதெல்லாம் பில்டர், பத்திரம், வாடகை வீடு என்று எல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில், “அந்த சாம்பல் இன்னும் கொட்டலடா, கொட்டிடட்டுமா?” என்பார். நான் “இருக்கட்டும்ணா” என்பேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. எவ்வளவு பெரிய விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தவன், இதைச் சொல்ல முடியாமல் தவித்தேன்.

அண்ணன் வீட்டைக் காலி செய்த அன்று அங்கே நடுப்பகல், கத்திரி வெயில். இங்கே மெல்பர்னில் பொழுது சாய்கிற நேரம், மூக்கு நுனி உறைகிற குளிர். நான் கிரெக் கொடுத்த டின்னைக் கையில் எடுத்துக்கொண்டு குப்பைத்தொட்டிக்குப் போய்க்கொண்டிருந்தேன். போன் அடித்தது.

“சாமானெல்லாம் வண்டில ஏத்தியாச்சுடா. இந்த சாம்பல் டின் மட்டும்தான் நிக்குது.”

“கொட்டிடுண்ணா,” என்றேன். ஒருவழியாகச் சொல்லிவிட்டேன். “எப்பவோ ஆறியிருக்கும்.”

“நீதானடா சொன்ன, பாத்தா ஆறின மாதிரி இருக்கும், நம்பக்கூடாதுன்னு. இரு, தொட்டுப் பாத்துட்டுக் கொட்டுறேன்.”

செங்கல்லை நகர்த்தும் சத்தம் கேட்டது. மூடி கிறீச்சிட்டது.

“டேய், இன்னும் சூடு இருக்குடா.”

பின்னாலிருந்து அண்ணியின் குரல்: “வெயில்ல வெச்ச டின்னு சுடாம இன்னா பண்ணும்? கொட்டிட்டு வாய்யா, வண்டிக்காரன் கத்துறான்!”

அண்ணன் அதைக் காதில் வாங்கவில்லை. “ரெண்டு நாள் போகட்டும். நான் வண்டிலயே மடில வெச்சிக்கிறேன்,” என்றார்.

நான் என் டின்னைத் திறந்து சாம்பலுக்குள் விரலை விட்டேன். ஜில்லென்று இருந்தது.

“சரிண்ணா, ரெண்டு நாள் போகட்டும்,” என்றேன். என் டின்னையும் கொட்டாமல் மூடி, ஷெட்டுக்குத் திரும்பக் கொண்டுபோய் வைத்தேன்.